எண்ணுலகில் ஒரு நெல்லைத் தமிழர்

பழைய திருநெல்வேலி மாவட்டம் இருவேறு நிலங்களைத் தன்னுள் கொண்டிருந்தது. மேற்கே குற்றாலமும் செங்கோட்டைப் பக்கத்து மலையடிவாரமும் சாரலில் நனையும். கிழக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என விரியும் கரிசல் பூமி, ஐப்பசி மழையை எதிர்பார்த்து வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் அந்த மானாவாரி நிலத்திற்கென 1901ஆம் ஆண்டு கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், அங்கிருந்து தென்மேற்கே குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் சுப்பையா பிள்ளை, கோமதி அம்மாள் இணையர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. சிவசங்கரநாராயணன் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தையே பின்னாளில் எஸ். எஸ். பிள்ளை என உலகக் கணித அறிஞர்களால் அறியப்பட்டவர். இராமானுசனுக்குப் பின் எண்ணியலில் தமிழகம் தந்த பேரறிஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இவர்.

இவர் ஆராய்ந்தவை கோள்களின் இயக்கமோ நுண்கருவிகளின் அமைப்போ அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்கும் சிறுவனும் அறிந்த முழு எண்களே இவருடைய ஆய்வுக்களம். இவர் எழுப்பிய வினாக்களைப் புரிந்துகொள்ளக் கரிசல் சந்தையில் பருத்தி நிறுக்கும் ஒரு தராசும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலமும் போதும். விடைகளை நிறுவுவதற்கோ ஒருவர் வாழ்நாள் போதாது.

தாயும் தந்தையும் இன்றி

குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வேளையில் தாய் மறைந்தார். உறவினராகிய ஒரு மூதாட்டியின் துணையோடு தந்தையே மகனை வளர்த்தார். செங்கோட்டைப் பள்ளியில் பயின்ற காலத்தில் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டுகொண்டவர் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர். பள்ளியிறுதி வகுப்பில் பயிலும்போது தந்தையும் காலமானார். சொத்தோ வருவாயோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தகைய இழப்பு என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. படிப்பு அன்றோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் தமது சொற்ப ஊதியத்திலிருந்து பொருள் தந்து அம்மாணவனைத் தொடர்ந்து படிக்க வைத்தார். கணித வரலாற்று நூல்களில் அவரைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆயினும் பின்னால் சொல்லப்படும் கணித உண்மைகள் அனைத்திற்கும் முதற்கண் நன்றி பெறவேண்டியவர் அவரே.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலையும் பயின்றார். உதவித்தொகை கைகொடுத்தது. 1927ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய இரு பேராசிரியர்களின் வழிகாட்டுதல் கிடைத்தது. இருவருள் ஆனந்தராவ், இராமானுசன் கேம்பிரிட்ஜில் இருந்த நாள்களில் அங்கே பயின்றவர். இராமானுசன் மறைந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டே பிள்ளை அங்கு விரிவுரையாளரானார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவருடைய வாழ்வின் வளமான காலம். பெரிய நூலகங்களிலிருந்தும் புகழ்பெற்ற ஆய்வு மையங்களிலிருந்தும் விலகி, புதிதாக எழுந்த ஒரு பல்கலைக்கழகத்தில், வகுப்புகள் எடுத்துக்கொண்டே அவர் செய்த பணிகள்தாம் இன்றும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன.

தராசும் எடைக்கற்களும்

ஒரு வணிகரிடம் விந்தையான எடைக்கற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கல்லின் எடையும் ஒரு வர்க்க எண்: 1, 4, 9, 16, 25 என அமையும். ஒவ்வொரு வகையிலும் வேண்டிய அளவு கற்கள் உள்ளன. கற்களை ஒரு தட்டில் மட்டுமே இடவேண்டும். எந்த முழு எண் எடையையும் நிறுக்க அதிகம் போனால் எத்தனை கற்கள் தேவைப்படும்? 7 என்னும் எடைக்கு 4, 1, 1, 1 என நான்கு கற்கள் வேண்டும். எவ்வளவு பெரிய எண்ணாயினும் நான்கு கற்களுக்கு மேல் தேவையில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லக்ராஞ்சி 1770இல் நிறுவினார். அதே ஆண்டில் ஆங்கில அறிஞர் வாரிங், கன எண்களுக்கு ஒன்பது கற்களும் நான்காம் அடுக்குகளுக்குப் பத்தொன்பது கற்களும் போதும் என்றும், இவ்வாறே ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்றும் எழுதிவைத்தார். நிறுவல் தரவில்லை. இதுவே வாரிங்கின் கணக்கு எனப்படுவது.

எல்லை ஒன்று உண்டு என்பதை மட்டும் செருமானிய அறிஞர் ஹில்பர்ட் 1909இல் மெய்ப்பித்தார். அந்த எல்லை எது என்னும் வினா அப்படியே நின்றது. பிள்ளை கையில் எடுத்தது அதைத்தான்.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். இப்போது கற்களின் எடைகள் 1, 64, 729 எனப் பாய்ந்து செல்லும். வணிகர் 703 என்னும் எடையை நிறுக்க வேண்டும். 729 கல் பெரிது, பயன்படாது. 64 எடையுள்ள கற்களைப் பத்துவரை இடலாம், 640 ஆகும். பதினொன்றாவது கல்லை இட்டால் 704 ஆகி ஒன்று மிகும். எஞ்சிய 63ஐயும் ஒற்றைக் கற்களாலேயே நிரப்பவேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் சேர, 73 கற்கள். ஆகவே எல்லை 73க்குக் குறையாது. இதுவரை எளிது, எட்டாம் வகுப்பு மாணவரும் செய்துவிடலாம்.

703ஐக் காட்டிலும் முரண்டுபிடிக்கும் எண் வேறெதுவும் இல்லை என்று எவ்வாறு அறிவது? ஓராயிரம் எண்களைச் சோதிக்கலாம். ஒரு கோடியையும் சோதிக்கலாம். எண்களுக்கு முடிவில்லை. மிகப் பெரிய எண்களை ஆராய்வதற்கு ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோர் வகுத்ததும் உருசிய அறிஞர் வினோகிராதோவ் செம்மைப்படுத்தியதுமான ஒரு முறை அப்போது கிடைத்திருந்தது. அம்முறை எட்டும் எண்களோ எழுதிமுடிக்க இயலாத நீளம் உடையவை. அவற்றிற்கும், கையால் சரிபார்க்கக்கூடிய சிறிய எண்களுக்கும் இடையே பாழ்நிலமாகக் கிடந்த பரப்பைக் கடப்பதே உண்மையான இடர். ஒரு படிக்கு மேல் இன்னொரு படியாக நுட்பமான மதிப்பீடுகளை அடுக்கிப் பிள்ளை அப்பரப்பைக் கடந்தார். கணிப்பொறி இல்லாத காலம். தாளும் எழுதுகோலுமே கருவிகள்.

ஏழாம் அடுக்கு முதலாக எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான விதியை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, அவர் 1930களின் நடுவில் கண்டறிந்தார். அந்நிபந்தனையை மீறும் அடுக்கு எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சன் என்னும் மூத்த பேராசிரியரும் இதே விடையைத் தனித்துக் கண்டறிந்தார். டிக்சனின் பின்னால் பெரியதொரு பல்கலைக்கழகமும் உலகெங்கும் படிக்கப்பட்ட இதழ்களும் இருந்தன. பிள்ளையின் கட்டுரைகளோ அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும் வெளிவந்தன. கப்பலில் சென்று சேரும் அவ்விதழ்களை மேலைநாட்டார் எத்தனைபேர் பிரித்துப் பார்த்திருப்பர்? இந்நாளில் இவ்விதியைக் குறிப்பிடும் நூல்கள் இருவர் பெயரையும் இணைத்தே கூறுகின்றன. அது நேர்மையான தீர்ப்பு.

பொதுவிதிக்குள் அடங்காமல் நின்ற ஆறாம் அடுக்கைப் பிள்ளை 1940இல் தனியே வென்றார். எல்லை 73 என்பது உறுதியாயிற்று. இதில் ஒரு வியப்பு உண்டு. நான்காம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும் ஆறைவிட எளியவை என்றே எவரும் எண்ணுவர். அவை இரண்டும் அப்போது தீர்க்கப்படாமல் இருந்தன. ஐந்தாம் அடுக்குக்கு எல்லை 37 என்பதைச் சீன அறிஞர் சென் சிங்ருன் 1964இலும், நான்காம் அடுக்குக்கு எல்லை 19 என்பதைச் சென்னையைச் சேர்ந்த இரா. பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சு அறிஞர்கள் இருவரும் 1986இலும் நிறுவினர். வாரிங் எழுதி 216 ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தப் பத்தொன்பதுக்கு நிறுவல் கிட்டியது.

பதினேழில் முறியும் ஒழுங்கு

அண்ணாமலையில் இருந்த காலத்திலேயே பிள்ளை இன்னொரு வினாவையும் எழுப்பினார். அடுத்தடுத்து வரும் சில முழு எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஓர் எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் ஒன்றைத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாததாக அமையுமா? 8, 9, 10 என்னும் மூன்றில் 9 அத்தகையது. பதினாறு எண்கள்வரை எந்த இடத்தில் தொடங்கினாலும் அத்தகைய எண் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று அவர் நிறுவினார். பதினேழு எண்கள் என்றதும் அவ்வொழுங்கு முறிந்துவிடுகிறது.

2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை எழுதிப் பாருங்கள். இரட்டை எண்கள் யாவும் இரண்டைப் பொதுவாகக் கொண்டவை. ஒற்றை எண்களுள் 2187, 2193, 2199 ஆகியவை மூன்றால் வகுபடும். 2185உம் 2195உம் ஐந்தால் இணைந்தவை. 2191, 2184 இரண்டும் ஏழின் மடங்குகள். 2189, 2200 இரண்டும் பதினொன்றின் மடங்குகள். எஞ்சிய 2197 என்பது 13இன் கனம். அதற்கும் 2184இல் பதின்மூன்றின் உறவு உண்டு. தனித்து நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை. பதினேழு முதல் 430 வரையுள்ள நீளங்களுக்கு இவ்வாறு முறியும் இடம் உண்டு எனப் பிள்ளை காட்டினார். அதற்கு மேற்பட்ட நீளங்களுக்கும் இது பொருந்தும் என்பதை 1941இல் ஆல்பிரட் பிரௌவர் நிறுவி முடித்தார்.

எண்களை இனம் பிரித்தல்

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பிள்ளை, மறு ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகக் கணிதத் துறைத் தலைவர் லெவியின் அழைப்பை ஏற்று அங்குச் சேர்ந்தார். உலகப்போரின் நடுக்காலம், வங்கப் பெரும்பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்த காலமும் அதுவே. 1943ஆம் ஆண்டு கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் எண்களின் புதியதோர் இனத்தைப் பற்றி அவர் எழுதினார்.

பன்னிரண்டு கடலைமிட்டாய்த் துண்டுகள் உள்ள பொட்டலத்தை இருவரோ மூவரோ நால்வரோ அறுவரோ சண்டையின்றிப் பங்கிடலாம். பதினொன்று உள்ள பொட்டலத்தை அவ்வாறு பங்கிட வழியில்லை. ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களே அதன் காரணிகள். தன்னை நீக்கி ஏனைய காரணிகளைக் கூட்டினால் வரும் தொகையைக் கொண்டு பழங்காலக் கிரேக்கர் எண்களை மூவகையாகப் பிரித்தனர். 10க்கு அத்தொகை 8. எனவே அது குறைவெண். 6க்கு அத்தொகை ஆறே, எனவே நிறைவெண். 12க்கு 16 வருவதால் அது மிகையெண்.

இராமானுசன் 1915இல் வேறு வழியில் சென்றார். தனக்கு முன்னுள்ள எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகள் உடைய எண்களை அவர் தொகுத்தார். அவருடைய பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800; ஆறு இலட்சம் கோடியைத் தாண்டிய அவ்வெண்ணுக்குக் காரணிகள் 10,080. இப்பேரெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டு நிற்பதைக் காணலாம். பார்வைக்கு அச்சமூட்டும் எண், உள்ளே இத்துணை ஒழுங்குடையது.

இராமானுசன் காரணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார். பிள்ளை அவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்தார். ஓர் எண்ணின் காரணிகள் அனைத்தையும், அவ்வெண்ணையும் சேர்த்துக் கூட்டும்போது, அதற்கு முன்னுள்ள எந்த எண்ணும் எட்டாத தொகை வருமாயின் அது இவர் வகுத்த இனத்தைச் சேரும். மிகைமிகு எண் என அதனைத் தமிழில் கூறலாம். இரு பட்டியல்களும் ஒன்றே எனத் தோன்றக்கூடும், அவை ஒன்றல்ல. 12க்கு ஆறு காரணிகள், 16க்கு ஐந்தே. ஆகையால் இராமானுசனின் பட்டியலில் 16க்கு இடமில்லை. ஆனால் 12இன் காரணிகளின் தொகை 28. 16இன் காரணிகளாகிய 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் தொகை 31. பிள்ளையின் பட்டியலில் 16 இடம்பெற்றுவிடுகிறது. அவ்வாறே 10உம் இடம்பெறுகிறது. பங்கீட்டுக்கு வாய்ப்பு மிகுந்த எண் வேறு, பங்குகளைத் திரட்டினால் தொகை மிகும் எண் வேறு. அடுத்த ஆண்டே அலாகுலு, எர்டோசு என்னும் இருவர் இவ்வகை எண்களை மேலும் ஆராய்ந்து பத்தாயிரம் வரை பட்டியலிட்டனர். போர்க்காலத்தில் கல்கத்தாவில் எழுந்த ஒரு சிந்தனைக்கு ஓராண்டுக்குள் கடல்கடந்து தொடர்ச்சி கிடைத்தது.

இறுதிப் பயணம்

1948இல் பிள்ளை சென்னைக்குத் திரும்பி, தாம் ஆய்வு மாணவராக நுழைந்த அதே பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்குத் தலைவரானார். அதற்குள் அவருடைய பெயர் வெளிநாடுகளில் பரவத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஐன்ஸ்டைன் பணியாற்றிய உயர் ஆய்வு நிறுவனம், ஓராண்டு தங்கி ஆய்வு செய்யுமாறு அவரை அழைத்தது. அப்பயணத்திலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1950 ஆகஸ்டு 30ஆம் நாள் தொடங்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்வதாக இருந்தார். போரின் காரணமாகப் பதினான்கு ஆண்டுகள் கூடாமல் இருந்த மாநாடு அது. இதழ்களின் வழியாக மட்டுமே தம்மை அறிந்தவர்களை நேரில் காணும் வாய்ப்பு, நாற்பத்தொன்பதாம் வயதில் அவருக்கு வாய்த்தது.

பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் வழியில் எகிப்தின் கெய்ரோ நகரில் இறங்கி, ஆகஸ்டு 31ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் மீண்டும் புறப்பட்டது. சற்று நேரத்தில் அதன் பொறி ஒன்றில் தீப்பற்றியது. பாலைநிலத்தில் விழுந்து எரிந்த அவ்விமானத்தில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஹார்வர்டில் மாநாடு அப்போது தொடங்கிவிட்டிருந்தது.

பிள்ளை எழுதிய கட்டுரைகள் பல்லாண்டுக்காலம் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. 2010ஆம் ஆண்டுதான் இராமானுசன் கணிதக் கழகம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. தொகுத்தவர்களுள் ஒருவர், நான்காம் அடுக்கின் கணக்கை முடித்துவைத்த அதே பாலசுப்பிரமணியன்.

அத்தொகுப்பிலுள்ள ஒரு வினா இன்னும் திறந்தே கிடக்கிறது. 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கங்கள், கனங்கள், மேலடுக்குகள் யாவற்றையும் ஒரே வரிசையில் எழுதினால், 8க்கும் 9க்கும் இடைவெளி ஒன்று. 25க்கும் 27க்கும் இரண்டு. ஒன்று என்னும் இடைவெளி வேறெங்கும் வாராது என்று 1844இல் கட்டலான் கருதினார். 2002இல் மிகெய்லெஸ்கு அதை நிறுவினார். பிள்ளை 1936இல் மேலும் ஒருபடி சென்றார். எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு சில இடங்களில் மட்டுமே வரும். வரிசையில் செல்லச் செல்ல இடைவெளிகள் எல்லையின்றி அகன்றுகொண்டே போகும் என்பது அவர் கருத்து. ஒன்றைத் தவிர வேறு எந்த இடைவெளிக்கும், இரண்டுக்குக்கூட, இதற்கு நிறுவல் கிடைக்கவில்லை.